மலையகத்தில் வீட்டு ஹீட்டரை மாற்றுவது: எதற்கு அனுமதி வேண்டும், எதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வேலை மாற்றலாகி நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வருகிறவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது, பாத்ரூமில் ஹீட்டர் இருக்கிறதா என்றுதான். கடலோர ஊர்களில் சுடுதண்ணீர் காய்ச்சல்காரருக்கு வைப்பது. இங்கே அது அன்றாடத் தேவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. லயத்துக் காம்பராவிலிருந்து ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்குப் போகிற குடும்பங்களும் இப்போது முதல் தடவையாக ஹீட்டர் வாங்குகின்றன. இரண்டு தரப்பாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வாடகை வீட்டில் ஹீட்டர் இருக்கும், ஆனால் அடியில் துருப்பிடித்திருக்கும், வயர் மூட்டில் கருகல் தெரியும், தொட்டால் விரலில் சுரீர் என்றிருக்கும். மாற்றத்தான் வேண்டும். உடனே வருகிற கேள்வி: “இதுக்கு எங்கயாவது பெர்மிட் எடுக்கணுமா?”

அதே வகை, அதே வாட், அதே இடம் என்றால் பிரதேச சபையிலோ நகர சபையிலோ பத்திரம் எடுக்கத் தேவையில்லை. நம் நாட்டில் ஹீட்டருக்கென்று தனி அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆனால் வாட் கூடினால் மின்சார சபையிடம் போக வேண்டிவரும். கூரையிலோ சுவரிலோ கட்டுமான வேலை வந்தால் உள்ளூராட்சி சபையிடம். வீடு உங்களுடையது இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் முதலில் உரிமையாளரிடம். அனுமதி கேட்க ஆளில்லாத பகுதியில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அங்கே வந்து சோதித்துப் பார்க்க அதிகாரி யாரும் இல்லை. ஆகவே கீழே எர்த்தைப் பற்றி நீட்டி எழுதியிருக்கிறேன். அதை மட்டுமாவது தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

முதல் வேலை: பழைய ஹீட்டரின் தகட்டைப் படியுங்கள்

ஹீட்டரின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு சிறிய தகடு அல்லது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எத்தனை வாட், எத்தனை லீற்றர், எத்தனை பார் அழுத்தம் என்று அதில் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கடைக்காரர், வயரிங் பாஸ் (வயரிங் வேலை செய்பவர்), மின்சார சபை என்று எல்லோரும் கேட்கப்போவது இந்த எண்களைத்தான்.

நம் பக்கம் பாவனையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் ஷவர் ஹீட்டர்; பொதுவாக 3.5 முதல் 5.5 கிலோவாட் வரை. மற்றது, தாங்கியில் தண்ணீரை நிரப்பிச் சூடாக்கி வைக்கும் ஹீட்டர். 15, 30, 50, 80 லீற்றர் அளவுகளில், பெரும்பாலும் 1.5 முதல் 3 கிலோவாட்டுக்குள்.

கண்டியில் நன்றாக வேலை செய்த ஷவர் ஹீட்டரைக் கழற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பிறகு “சூடே வரல்ல, ஹீட்டர் பழுது” என்பார்கள். பழுது எதுவும் இல்லை, கணக்குத்தான் வேறு. கண்டியில் குழாய்த் தண்ணீர் 24 பாகையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குளிக்கத் தோதான 40 பாகைக்கு ஏற்ற 16 பாகை கூட்டினால் போதும், 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 லீற்றர் கொடுக்கும். நுவரெலியாவில் தண்ணீர் 15 பாகையில் வந்தால் 25 பாகை கூட்ட வேண்டும். அதே ஹீட்டர் நிமிடத்துக்கு 2 லீற்றர்தான் கொடுக்கும். பத்து லீற்றர் வாளி நிறைய ஐந்து நிமிடம். குழாயைக் கூடத் திறந்தால் தண்ணீர் வரும், சூடு வராது.

5.5 கிலோவாட் வாங்கினால் ஓட்டம் 3 லீற்றருக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது 24 ஆம்பியர் இழுக்கும். கீழே கரண்ட் ஆபீஸ் பகுதியில் சொல்லப்போகும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

என் கருத்து இது: ஹட்டனுக்கு மேலே உயரத்தில் இருக்கிற வீடுகளுக்கு 30 அல்லது 50 லீற்றர் தாங்கி ஹீட்டர், 1.5 கிலோவாட், போதுமானது. 50 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 2.6 யூனிட் கரண்ட் செலவாகும், ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடிக்கும். குளிரான தண்ணீரோடு கலந்தால் அதுவே 40 பாகையில் 90 லீற்றர் ஆகிறது. நாலு பேர் வாளியில் பிடித்துக் குளிக்கலாம். இழுப்பது ஆறரை ஆம்பியர். பழைய வயரிங் உள்ள வீடும் இதைத் தாங்கும் வாய்ப்பு அதிகம், மின்சார சபைக்குப் போகவும் தேவையிருக்காது. சூட்டை 60 பாகையில் வையுங்கள். அதற்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் தாங்கிக்குள் கிருமி வளர இடமுண்டு. 60 பாகைத் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும் என்பதால், வாளியில் முதலில் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துவிட்டுப் பிறகு சுடுதண்ணீரைக் கலக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பில்லையும் ஒரு தடவை யோசியுங்கள். நாளுக்கு 2.6 யூனிட் என்றால் மாதம் 78 யூனிட். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 யூனிட்டுகளைத் தாண்டும்போதெல்லாம் அடுத்த யூனிட்டின் விலை கூடும். மாதம் 50 யூனிட் பாவித்த வீடு ஹீட்டரால் 128 யூனிட்டுக்குப் போனால், பில் இரண்டரை மடங்கோடு நிற்காது.

யாருடைய சுவர்?

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் வாயால் கேட்டதோடு விடாதீர்கள். பழைய ஹீட்டர் யாருடையது, புதியதற்கு யார் காசு, வீட்டை விடும்போது கழற்றிக்கொண்டு போகலாமா, சுவரில் துளை போடலாமா என்ற நாலு விஷயத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். போனில் எழுத்தில் அனுப்பி “சரி” என்று பதில் வாங்கினாலும் ஒன்றுமில்லாததைவிட நல்லது. வீட்டை விடும்போது முற்பணத்தில் கழித்துக்கொள்ளும் சண்டைகள் இப்படித்தான் வருகின்றன.

அரசாங்க விடுதி என்றால் திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். அங்கே உங்கள் இஷ்டத்துக்கு வயரை மாற்ற முடியாது.

தோட்டத்து வீடுகள் தனிக் கதை. 1992இல் தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குப் போனாலும் நிலம் அரசுடையதாகவே இருக்கிறது. லயத்தில் உங்கள் காம்பராவின் சுவர் பக்கத்து வீட்டுக்காரரின் சுவரும்தான், கூரையும் ஒன்றுதான். அதனால் தோட்ட அலுவலகத்தில், பெரிய துரையின் பெயருக்கே, எழுத்தில் கேளுங்கள். “ஒரு கிழமைக்குள்ள சொல்றேன்” என்றால் கடிதத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது என்பதையும் பாருங்கள். அது தோட்டத்தின் பெயரிலோ இறந்துபோன தாத்தாவின் பெயரிலோ இருந்தால், இணைப்பைப் பெரிதாக்கக் கேட்கும் முன் பெயரை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு நாளெடுக்கும், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து ஹீட்டர் போடுவதை லயங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்புக்கு இழுத்தால்கூடச் சரியில்லாத காரியம் அது. ஹீட்டருக்கு இழுத்தால் வயர் சூடாகி, மரச் சலாகையும் பழைய கூரையும் உள்ள அந்த லயம் முழுவதையும் எரிக்கக் கூடும். கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனாகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

கரண்ட் ஆபீசுக்கு எப்போது போக வேண்டும்

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. ஊரில் அது இன்னும் கரண்ட் ஆபீஸ்தான். நானும் சபை என்றே எழுதுகிறேன்.

மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிரேக்கர் இருக்கும். அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். சாதாரண வீடுகளில் பெரும்பாலும் 30 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 6.9 கிலோவாட். முழு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பது அவ்வளவே. 5.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் 24 ஆம்பியரை எடுத்துக்கொண்டால் மிச்சம் 6. யாரோ குசினியில் 2 கிலோவாட் கேத்தலைப் போட்டால் இன்னும் 9 ஆம்பியர் கூடி 33 ஆகிவிடும். குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் சவர்க்காரத்தோடு இருட்டில் நிற்பார். இது அடிக்கடி நடந்தால் இணைப்பு சூடாகி மீட்டர் பெட்டிப் பக்கமே கருகத் தொடங்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன்பே வீட்டில் ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றின் வாட்டைக் கூட்டிப் பாருங்கள்: ஹீட்டர், கேத்தல், ரைஸ் குக்கர், அயன் பொக்ஸ், தண்ணீர் மோட்டார். கூட்டுத்தொகை 6,900ஐத் தாண்டினால் மூன்று வழிகள்தான் உண்டு. சிறிய ஹீட்டர் வாங்கலாம். ஹீட்டர் ஓடும்போது மற்றதைப் போடாதிருக்கும் ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். அல்லது இணைப்பைப் பெரிதாக்கக் கேட்கலாம்.

மூன்றாவது வழிக்குத்தான் உண்மையான விண்ணப்பம் தேவை. உங்கள் பகுதிக்குரிய மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குக் கடைசிக் கரண்ட் பில்லையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். விண்ணப்பத்தோடு என்னென்ன இணைக்க வேண்டும், வயரிங் சோதித்த அறிக்கைக்கு யாருடைய கையெழுத்து வேண்டும், மதிப்பீட்டுத் தொகை எப்போது தெரியும் என்பவற்றைக் கவுண்டரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஆள் வந்து பார்த்து மதிப்பீடு தருவார்கள். காசு கட்டியதும் சர்வீஸ் வயரையும் பிரேக்கரையும் அவர்களே மாற்றுவார்கள். கம்பத்திலிருந்து மீட்டர் வரையுள்ள எதிலும் நீங்களோ உங்கள் பாஸோ கைவைக்கக் கூடாது. மீட்டரின் சீலை உடைப்பது குற்றம். “நான் சின்னதா ஒண்ணு செஞ்சி தர்றேன்” என்கிற ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988இலேயே அந்த உரிமையைத் தந்திருக்கிறது. சிங்களத்தில் மட்டும் படிவம் இருந்தால் தமிழ்ப் படிவத்தைத் தைரியமாகக் கேளுங்கள். நம்மில் பலர் கூச்சப்பட்டு, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அது வேண்டாம்.

பிரதேச சபைக்கு எப்போது

பழைய இடத்தில் புதியதை மாட்டுவதற்குப் போக வேண்டாம் என்றேன். பாத்ரூமைப் பின்னால் நீட்டிக் கட்டுவது, கூரையை உயர்த்துவது, சூரிய ஹீட்டருக்குத் தளம் கட்டுவது என்றால் அது கட்டட வேலை. பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை இவற்றில் உங்கள் எல்லைக்குரியதில் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பார்த்து, திட்ட அனுமதி தேவையா என்று வேலை தொடங்கும் முன் கேளுங்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் பிரகடனப்படுத்திய பகுதிகளில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதி வேண்டும்.

மலைநாட்டில் இதோடு இன்னொன்றும் சேரும். கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்கள் மண்சரிவு அபாயமுள்ளவை. சரிவை வெட்டித்தான் பாத்ரூமை நீட்ட முடியும் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைச் சபை கேட்கும். இதை வெறும் அலைச்சலாக நினைக்க வேண்டாம். பின்பக்க மண் அணையை இரண்டு அடி வெட்டியதில் அடுத்த மழைக்கு முழுச் சுவரும் உள்ளே வந்த வீடுகள் நம் மலைகளில் எத்தனையோ.

சூரிய ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 200 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. தகரக் கூரையில் நேரே ஏற்றக் கூடாது. கீழே சுவரோ தூணோ தாங்க வேண்டும். ஊரைப் பொறுத்தும் பலன் மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மூட்டமாகவே கிடக்கும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வெயில் அடிக்கும். ஊவாவில் இருப்பவர் சூரிய ஹீட்டரை யோசிக்கலாம். மஸ்கெலியாவில் இருப்பவருக்கு எப்படியும் அதற்குள் ஒரு மின் சுருள் வேண்டும், அதனால் மேலே சொன்ன மின்சாரக் கணக்கு முழுவதும் அவருக்கும் பொருந்தும்.

எர்த்

பாத்ரூமில் நாம் ஈரமான உடம்போடு, வெறுங்காலோடு, ஈரத் தரையில் நிற்கிறோம். கரண்ட் நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போக இதைவிட இலகுவான இடம் வீட்டில் வேறில்லை. ஹீட்டரின் சுருள் வெடித்துக் கரண்ட் தண்ணீரிலும் ஹீட்டரின் உடலிலும் ஏறும்போது நம்மைக் காப்பாற்றுவது இரண்டே இரண்டு பொருள்: எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும். இரண்டும் வேண்டும்.

எர்த் மட்டும் இருந்தால் ஏன் போதாது என்று பலர் கேட்பார்கள். நம் வீடுகளில் எர்த் என்பது வீட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் அடித்த கம்பி. மலையில் மண்ணுக்குக் கீழே சீக்கிரமே பாறை வந்துவிடும். கம்பி ஆழம் போகாது, எர்த் பலவீனமாகவே இருக்கும். எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். ஹீட்டரின் உடலில் 230 வோல்ட் ஏறினால் எர்த் வழியே ஓடுவது 4.6 ஆம்பியர். 30 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அது விழாது. ஹீட்டரின் உடல் கரண்டோடு அப்படியே நிற்கும், அடுத்து தொடுகிறவருக்காக. ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் அந்தச் சிறிய கசிவை உணர்ந்து கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்தும்.

ஆகவே வீட்டின் மின்பெட்டியைத் திறந்து ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள். 30 மில்லிஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 100 என்றோ 300 என்றோ இருந்தால் அது உயிரைக் காக்கும் அளவு இல்லை, மாற்றுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் ஹீட்டர் வாங்கும் காசில் முதலில் ட்ரிப் சுவிட்சை வாங்குங்கள். ஒரு மாதம் அடுப்பில் தண்ணீர் சுடவைத்துக் குளித்தாலும் பரவாயில்லை. “அடிக்கடி விழுது” என்று ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரே வயர் கொடுத்திருக்கும் வீடுகளும் உண்டு. அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. கசிவைத்தான் தேட வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதென்று தெரியும். எர்த் இருக்கிறதென்று தெரியாது. எர்த்தை அளக்கக் கருவி வேண்டும். வருகிற பாஸிடம் எர்த் டெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். தடை 200 ஓமுக்கு மேல் வந்தால் அந்த எர்த்தை நம்ப முடியாது. ஈரம் தங்கும் இடத்தில் இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் இணைக்க வேண்டும். மழைக் காலத்தில் நன்றாகக் காட்டிய எர்த் வறட்சியில் ஏறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் பக்கம் இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு. பிளக் பொயின்ட்டில் எர்த் இல்லையென்றால் நியூட்ரலையும் எர்த்தையும் சிறு வயர்த் துண்டால் இணைத்துவிடுவார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியே ஹீட்டரின் உடல் முழுக்கக் கரண்ட். மற்றது, எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவது. முன்பு இரும்புக் குழாய் இருந்தது. இப்போது நிலத்துக்குள் இருப்பது பி.வி.சி. அதில் கட்டினால் எர்த்தே இல்லாததற்குச் சமம். பழைய ஹீட்டரைக் கழற்றும்போது இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

பாஸைத் தேர்ந்தெடுப்பது

ஊரில் யாருக்கும் வயரிங் தெரியும். ஆனால் ஹீட்டருக்கு என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மூன்றாம் மட்டமோ அதற்கு மேலோ தகுதியுள்ளவரைத் தேடுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நல்ல பாஸ் தானாகவே எடுத்துக் காட்டுவார். வேலை முடிந்ததும் என்ன அளவு வயர், என்ன பிரேக்கர், எர்த் எத்தனை ஓம் என்று ஒரு தாளில் எழுதி, தன் பெயரும் சான்றிதழ் இலக்கமும் போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியவை: ஹீட்டருக்குப் பெட்டியிலிருந்து தனி வயர், தனிப் பிரேக்கர். 3 கிலோவாட்டுக்கு உட்பட்ட தாங்கி ஹீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 20 ஆம்பியர் இரட்டை முனைச் சுவிட்சும். 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டருக்கு 4, 5.5 கிலோவாட்டுக்கு 6 சதுர மில்லிமீற்றர். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, பிளக் பொயின்ட் பாத்ரூமுக்குள் கூடவே கூடாது. 13 ஆம்பியர் பிளக்கில் 3.5 கிலோவாட்டைக் குத்தினால் பிளக் உருகும். அதன் எல்லையே 3 கிலோவாட். வயர், சுவிட்ச், பிரேக்கர் எல்லாவற்றிலும் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க் கம்பி, கறுப்பு நியூட்ரல். புதிய வயரில் மண்ணிறம் உயிர், நீலம் நியூட்ரல். இரண்டும் சந்திக்கும் மூட்டில்தான் தவறு நடக்கும், அங்கே கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்ப் பக்கம்

மேலே தாங்கி வைத்து இறக்கும் வீட்டில் அழுத்தம் குறைவு: ஒரு மீற்றர் உயரத்துக்கு 0.1 பார். சில ஷவர் ஹீட்டர்கள் அந்த அழுத்தத்தில் இயங்கவே இயங்காது. பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். ஊரின் பீலித் தண்ணீரையோ சமூக நீர்த் திட்டத்தையோ நேரே வீட்டுக்கு எடுத்திருந்தால் நிலைமை தலைகீழ். ஊற்று உங்கள் வீட்டைவிட 80 மீற்றர் மேலே இருந்தால் குழாயில் 8 பார். பல ஹீட்டர்களின் பாதுகாப்பு வால்வு அந்த அளவிலேயே திறந்துவிடும். அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போடுங்கள், அல்லது முதலில் மேல் தாங்கிக்கு ஏற்றி அங்கிருந்து இறக்குங்கள். தேசிய நீர் வழங்கல் சபையின் குழாயில் மோட்டாரை நேரே பொருத்தி அழுத்தம் கூட்டுவது தடைசெய்யப்பட்டது.

தாங்கி ஹீட்டரின் குளிர்நீர் நுழைவில் இருக்கும் அந்தப் பாதுகாப்பு வால்வு சூடாகும்போதெல்லாம் கொஞ்சம் சொட்டும். 50 லீற்றர் தண்ணீர் 60 பாகைக்குப் போகும்போது முக்கால் லீற்றருக்கும் மேலே விரியும், அது எங்காவது போகத்தான் வேண்டும். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தாங்கி வெடிக்கலாம். அதற்கு ஒரு சிறு குழாய் கொடுத்துத் தரைக்கு இறக்கி விடுங்கள். சுடுதண்ணீர் போகும் பக்கம் சாதாரண பி.வி.சி. வேண்டாம், இளகிப் போகும். பி.பி.ஆர். அல்லது சுடுதண்ணீருக்கான சி.பி.வி.சி. கேட்டு வாங்குங்கள்.

சுவர் விஷயம் லயத்திலும் புது வீட்டிலும் வேறுபடும். 50 லீற்றர் ஹீட்டர் நிறைந்தால் 65, 70 கிலோவாகும். உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லில் சாதாரண போல்ட் பிடிக்காது. சுவரின் மறுபக்கம் வரை துளைத்துத் தகடு வைத்து முறுக்க வேண்டும். சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய கருங்கல் சுவரில் தொங்கவிடவே வேண்டாம், இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

காஸ் ஹீட்டர்

கரண்ட் இணைப்பு சிறியதாக இருப்பவர்கள் காஸ் ஹீட்டரை நினைப்பார்கள். பாத்ரூமுக்குள் பொருத்தாதீர்கள், எந்தக் காரணத்துக்கும். குளிருக்கு ஜன்னலை அடைக்கிற ஊர் இது. எரிவாயு அரைகுறையாக எரிந்தால் வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமுமில்லை நிறமுமில்லை; குளித்துக்கொண்டிருப்பவர் தலைசுற்றி விழுவார், கதவு உள்ளே தாழிட்டிருக்கும். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒட்சிசன் அங்கே குறைவு என்பதால் அரைகுறை எரிதலுக்கு வாய்ப்பும் கூடுதல். போட்டேயாக வேண்டுமென்றால் வெளிச்சுவரில், மழை படாத மறைப்போடு, சிலிண்டரும் வெளியே. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும்.

மாற்றும் நாள்

பகலில் செய்யுங்கள். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடி மழைக்கு முன்பே வேலை முடிகிற மாதிரி காலையில் தொடங்குவது நல்லது.

மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் பார்த்து உறுதி செய்த பிறகே பாஸ் கைவைக்க வேண்டும். தண்ணீர் வால்வை மூடி, பழைய தாங்கியைக் குளிர விட்டு, பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கி வடித்துவிட்டுக் கழற்றுங்கள். நிறைந்த தாங்கியை ஒருவர் மட்டும் தாங்கிப் பிடிக்க முயலக் கூடாது.

புதியதை மாட்டியதும் முதலில் தண்ணீர். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, இருமலும் துப்பலும் நின்று தண்ணீர் ஒரே சீராக வரும்வரை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகே சுவிட்ச். வெறும் தாங்கியில் கரண்ட் கொடுத்தால் சுருள் நிமிடங்களில் எரிந்துபோகும், கடைக்காரர் உத்தரவாதமும் தரமாட்டார். ஒரு மணி நேரம் கழித்து மூட்டுகளில் கசிவு இருக்கிறதா, சுவிட்சும் வயரும் கையில் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் அணைத்துவிட்டு பாஸை திரும்பக் கூப்பிடுங்கள்.

கடை பில், உத்தரவாத அட்டை, பாஸின் கையெழுத்துத் தாள், வீட்டுக்காரரின் கடிதம், பெட்டிக்குள் வயரிங்கின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கடைக்காரர் உத்தரவாதத்தை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம். கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறென்றால் மின்சார சபையின் 1987. யாருக்காவது கரண்ட் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், அணைக்கும் முன் அவரைத் தொடாதீர்கள், பிறகு 1990 அம்பியூலன்ஸ்.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பாதுகாப்பு வால்வின் நெம்பையும் ஒரு தடவை தூக்கி விடுங்கள். எனாமல் பூசிய இரும்புத் தாங்கி என்றால் உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தாங்கி துருப்பிடிக்காமல் தான் கரைவதுதான் அதன் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் புதியதைப் போடச் சொல்லுங்கள்.